சம்மதமின்றி இடியும் சுவர்கள்

வாடகைக்கு இருப்பவர், உரிமையாளரின் சம்மதமின்றி நிரந்தரக் கட்டுமானம் எழுப்பக்கூடாது என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம். ஆனால், தில்லியில் மாத வாடகை ரூ.3,500-ஐத் தாண்டாத கட்டடங்களில் குடியிருப்போரை வெளியேற்ற, 1958-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி கணிசமான சேதத்தை நிரூபித்தாக வேண்டும். அப்போதும், சேதத்தைச் சீர்செய்யவோ இழப்பீடு தரவோ குடியிருப்பவருக்கு வாய்ப்பு உண்டு. எளியோரைக் காக்கும் இந்த ஏற்பாடு நியாயமானதே. ஆனால், கேட்காமல் சுவரை இடிப்பதற்கு அது உரிமம் ஆகிவிடலாகாது.

எழுத்துபூர்வ சம்மதமின்றிக் கட்டமைப்பை மாற்றினாலே வெளியேற்றலாம் என்கிறது 2021-இல் மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம். 1995-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தில்லி வாடகைச் சட்டமோ, வணிகர்களின் எதிர்ப்பால் நடைமுறைக்கே வரவில்லை. அந்தக் கதி இதற்கும் நேரக்கூடாது. எழுத்துபூர்வ சம்மதத்தைக் கட்டாயமாக்குவதுடன், சீர்செய்யும் வாய்ப்பையும் நிலைநிறுத்துவதே இரு தரப்புக்கும் நீதி.