டிரில் மாஸ்டரின் புதிய துணை: செல்போன் சொல்லும் பாடத்தை நம்பலாமா?

பள்ளிக்கூடத்துத் தேகப்பயிற்சி ஆசிரியரை ஊரார் இன்றும் "டிரில் மாஸ்டர்" என்றுதான் அழைக்கிறார்கள். ஒரு காலத்தில் அவருடைய சொத்து மூன்று. ஒரு விசில், ஒரு பந்து, கல்லூரியில் படித்தபோது எழுதிவைத்த ஒரு நோட்டுப் புத்தகம். இப்போது நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அது அவருடைய சட்டைப்பையில் இருக்கும் செல்போன்!

கபடி வேண்டுமா? அதில் இருக்கிறது. யோகாசனம் வேண்டுமா? இருக்கிறது. ஈட்டி எறிவதை மெதுவாக ஓடவிட்டுக் காட்ட வேண்டுமா? அதுவும் இருக்கிறது. "ஆறே வாரத்தில் உயரமாக வளரலாம்" என்று ஆசை காட்டும் படங்களும் அதே செல்போனில்தான் இருக்கின்றன. எது சரக்கு, எது பதர் என்று பிரித்துக் காட்ட அங்கே ஆள் இல்லை.

இதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். கணக்கு ஆசிரியர் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டால் மறுநாள் அழித்துவிட்டுத் திருத்தலாம். தேகப்பயிற்சி ஆசிரியர் தப்பான பயிற்சியைக் கொடுத்துவிட்டால், விலை கொடுப்பது பிள்ளையின் கழுத்தும் முதுகும் முழங்காலும்! ஆகவே இது ஆசிரியர்களுக்கு மட்டும் உள்ள பிரச்சினை அல்ல. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஒவ்வொரு தாய் தகப்பனுக்கும் இதில் பங்கு உண்டு.

ஒரே கல்லூரி, பல ஆயிரம் படங்கள்

சென்னையில் 1920ஆம் ஆண்டு ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி தொடங்கியது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் அதைத் தொடங்கினார். அங்கே படித்து வெளியே வந்தவர்கள் பல ஊர்களுக்கும் சென்று பள்ளிகளில் வேலை பார்த்தார்கள். அந்தக் காலத்து ஆசிரியருக்கு, தாம் கற்றுக்கொடுக்கும் பயிற்சியை யார் சொல்லித் தந்தார் என்பது தெரியும். சந்தேகம் வந்தால் கடிதம் எழுதிக் கேட்கலாம்.

இன்று யூடியூப்பில் ஒரு பயிற்சியைப் பார்க்கிறவருக்கு, சொல்கிறவர் யார் என்பதே பல சமயம் தெரிவதில்லை. அவர் ஆசிரியரா, மருத்துவரா, சினிமா நடிகருக்குப் பயிற்சி தருகிறவரா? உடம்பு கட்டாக இருக்கிறது, பேச்சு உறுதியாக இருக்கிறது. அதைக் கண்டே பலர் நம்பிவிடுகிறார்கள்.

அரசாங்கமே தரும் இடங்களும் உண்டு. மத்திய அரசின் "திக்ஷா" தளம் 2017ஆம் ஆண்டு வந்தது. தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது. டில்லியில் உள்ள என்.சி.இ.ஆர்.டி. நிறுவனம் உடற்கல்விப் புத்தகங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளக் கொடுக்கிறது. இவற்றில் யார் எழுதினார்கள் என்ற பெயர் இருக்கும். ஆனால் படம் பார்ப்பதில் உள்ள சுவை இவற்றில் குறைவு. ஆட்டம் பாட்டத்தோடு வரும் படத்தின் பக்கம்தான் கண் போகிறது.

9½ லட்சம் வீடுகளில் ஒரே வகுப்பு!

2020ஆம் ஆண்டு கொரோனா வந்தது. உலகமெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. இங்கிலாந்தில் ஜோ விக்ஸ் என்ற உடற்பயிற்சியாளர், தம் வீட்டு அறையில் இருந்தபடியே மார்ச் 23ஆம் தேதி ஒரு வகுப்பை ஆரம்பித்தார். பள்ளி நாட்களில் தினமும் காலை 9 மணிக்கு அரை மணி நேரம். பந்தும் வேண்டாம், மைதானமும் வேண்டாம். மறுநாளே ஏறத்தாழ 9½ லட்சம் வீடுகளில் அதை நேரடியாகப் பார்த்தார்கள். கின்னஸ் புத்தகத்தில் அது சாதனையாகப் பதிவாயிற்று.

வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகள் குதித்தார்கள், வியர்த்தார்கள், சிரித்தார்கள். அந்த நேரத்துக்கு அது பெரிய உபகாரம். அதில் இரண்டு பேச்சு இல்லை.

ஆனால் பள்ளி திறந்த பிறகும் ஒரு பழக்கம் தங்கிவிட்டது. மழை பெய்தால் படம். ஆசிரியர் லீவு என்றால் படம். திரையில் ஒருவர் குதிக்கிறார், நாற்பது பிள்ளைகள் சேர்ந்து குதிக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

அதைத் தேகப்பயிற்சி என்று சொல்லலாம். உடற்கல்வி என்று சொல்ல முடியாது. பந்தைப் பிடிக்கத் தெரியாத ஒரு சிறுமி திரைக்கு முன் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் கையை எங்கே வைக்கிறாள் என்பதைத் திரை பார்ப்பதில்லை. "முழங்கையைக் கொஞ்சம் மடக்கு, பந்தைப் பார், என்னைப் பார்க்காதே" என்று சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். கல்வி என்பது அந்த இடத்தில்தான் நடக்கிறது. ஆகவே ஒரு படத்தைப் பார்த்ததும் ஆசிரியர் கேட்கவேண்டிய கேள்வி, "பிள்ளைகள் வியர்ப்பார்களா?" என்பது அல்ல. "இதைக் கொண்டு நான் எதைக் கற்றுக்கொடுக்கப்போகிறேன்?" என்பதுதான்.

தேதி பார்த்தீர்களா?

மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினால் தேதி பார்க்கிறோம். விளையாட்டுப் பாடத்துக்கும் தேதி உண்டு. விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

டேபிள் டென்னிஸில் ஓர் ஆட்டத்துக்கு 21 புள்ளி என்று இருந்தது. 2001இல் அது 11 ஆயிற்று. பூப்பந்தில், அதாவது பேட்மிண்டனில், பந்து போடுகிறவருக்கு மட்டுமே புள்ளி என்ற பழைய வழக்கம் 2006இல் போயிற்று. ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கி வெடிக்குமுன் ஓடினால் முதலில் எச்சரிக்கை கிடைத்துவந்தது. 2010இலிருந்து முதல் தடவையே வெளியேற்றம்! கால்பந்தில் கோல் கிக் அடித்தால் பந்து பெனால்டி எல்லையைத் தாண்டினால்தான் மற்றவர்கள் தொடலாம் என்பது பழைய விதி. 2019இல் அதை எடுத்துவிட்டார்கள்.

2015இல் எடுத்த ஒரு நல்ல கால்பந்துப் படம் இன்றும் செல்போனில் ஓடும். அதைப் பார்த்துக் கற்ற பையன் மாவட்டப் போட்டிக்குப் போய் நடுவரோடு சண்டை போடுவான். குற்றம் பையனுடையதா? விதி என்றால் அந்த விளையாட்டின் தலைமைச் சங்கம் வெளியிடும் விதிப் புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கிறது.

இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. "எட்டாம் வகுப்புக்குக் கைப்பந்துப் பாடம் எழுது" என்றால் ஒரு நிமிஷத்தில் எழுதிக் கொடுக்கிறது. எழுத்தில் பிழை இராது. விதியில் பிழை இருக்கலாம். தப்பையும் அது தயங்காமல் சொல்லும் என்பதால், சரிபார்க்கும் வேலை குறையவில்லை, கூடியிருக்கிறது.

நல்ல பிள்ளையை நோஞ்சான் ஆக்கும் கணக்கு

"கேலோ இந்தியா" திட்டத்தின் கீழ்ப் பள்ளிப் பிள்ளைகளின் உடல் தகுதியை அளக்க ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். 5 முதல் 8 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு மூன்றே சோதனைகள். உயரத்துக்கு ஏற்ற எடையைப் பார்ப்பது ஒன்று. கொக்குபோல் ஒற்றைக் காலில் நிற்பது இன்னொன்று. வட்டத் தட்டுகளைக் கையால் மாறி மாறித் தட்டுவது மூன்றாவது. 9 வயதுக்கு மேல் 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை, உட்கார்ந்து முன்னால் குனிந்து எட்டுவது, தண்டால் முதலியவை சேருகின்றன. வயிற்றுப் பயிற்சியில் முழுதாக எழுந்து உட்காரச் சொல்லவில்லை. பாதி எழுந்தால் போதும். கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழும் பழைய பயிற்சியை இன்னும் காட்டும் படங்களை இந்த ஓர் அடையாளத்தைக் கொண்டே ஒதுக்கிவிடலாம்.

சிக்கல் எடைக் கணக்கில் வருகிறது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். பெரியவர்களுக்கு அந்த எண் 18½க்குக் கீழே போனால் எடை குறைவு என்பார்கள். செல்போனில் தேடினால் முதலில் கிடைப்பது பெரும்பாலும் பெரியவர்களுக்கான இந்தக் கணக்குத்தான்.

8 வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். உயரம் 125 சென்டிமீட்டர். எடை 24½ கிலோ. கணக்குப் போட்டால் 15.7 வரும். செல்போன் உடனே "எடை மிகக் குறைவு" என்று சிவப்பு எழுத்தில் காட்டும். தாய் பதறுவாள். சத்து மாவு டப்பா வாங்க ஓடுவாள்.

உண்மை என்ன? உலக சுகாதார நிறுவனம் 2007இல் 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கென்று தனி அட்டவணை வெளியிட்டது. அதன்படி 8 வயதுப் பையனுக்கு 15.7 என்பது நட்ட நடுவில் இருக்கும் எண். பையனுக்கு ஒரு குறையும் இல்லை! இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2015இல் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கென்று வளர்ச்சி அட்டவணை தந்திருக்கிறது. வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் கேட்காமல் பிள்ளையின் எடையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் எந்தக் கணக்கையும் மூடிவைத்துவிடலாம்.

வகுப்பில் எல்லோர் முன்னாலும் எடையைப் படிப்பது வேறு ஒரு கொடுமை. அதற்குச் செல்போனைக் குறை சொல்ல முடியாது.

நார்வே பெண்கள் காட்டிய வழி

நல்ல சரக்கு எப்படி இருக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் வேண்டும் அல்லவா? உலகக் கால்பந்துச் சங்கமான "பிபா" வெளியிட்ட "11 பிளஸ்" என்ற பயிற்சி அப்படிப்பட்டது. விளையாடுமுன் 20 நிமிஷம் செய்ய வேண்டும். முதலில் மெதுவான ஓட்டம். பிறகு பலத்துக்கும் சமநிலைக்கும் தாண்டுதலுக்கும் உரிய பயிற்சிகள். கடைசியில் வேகமான ஓட்டம். விலை உயர்ந்த கருவி ஒன்றும் தேவை இல்லை.

இதை வெளியிட்டதோடு நிற்கவில்லை. நார்வே நாட்டில் 13 முதல் 17 வயது வரை உள்ள 1,892 பெண்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியினர் இந்தப் பயிற்சியைச் செய்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் விளையாடினார்கள். முடிவு 2008இல் வெளிவந்தது. பயிற்சி செய்தவர்களிடம் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அடிக்கடி செய்தவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். 14 வயதுக்குக் கீழ் உள்ள சிறுவர்களுக்கென்று வேறொரு பயிற்சி அமைத்து, ஐரோப்பாவில் நான்கு நாடுகளில் சோதித்தபோது காயங்கள் சுமார் பாதியாகக் குறைந்தன.

இங்கே கவனிக்கவேண்டியது கால்பந்து அல்ல. யார் செய்தார்கள், எந்த வயதினருக்கு, எத்தனை பேரிடம் சோதித்தார்கள், என்ன கண்டார்கள் என்ற நான்குக்கும் அதில் விடை இருக்கிறது. "ஆறே வாரத்தில் உயரம்" படத்திடம் இதே நான்கையும் கேட்டால் என்ன விடை கிடைக்கும்? கீழே ஒரு பவுடர் டப்பாவின் விலைதான் தெரியும்.

ஓடுமுன் காலை நீட்டி ஒரு நிமிஷத்துக்கு மேல் அப்படியே பிடித்து நிற்கும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அப்படி வெகுநேரம் பிடித்தால் அதன் பிறகு ஓடும் வேகம் சற்றுக் குறையும் என்று ஆராய்ச்சிகள் கண்டிருக்கின்றன. அசைந்து, நடந்து, மெல்ல ஓடி உடம்பைச் சூடாக்குவதே முதலில் செய்யவேண்டியது. எனவே செல்போன் சொல்வது தப்பு, பழைய நோட்டுப் புத்தகம் சொல்வது சரி என்றும் கண்ணை மூடிக்கொண்டு முடிவு கட்ட முடியாது.

சித்திரை வெயிலும் பிள்ளைகளின் படமும்

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினம் சராசரி 60 நிமிஷமாவது மூச்சு வாங்க ஓடி ஆட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொல்லியிருக்கிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் 2018இல், 9 முதல் 12 வரை உள்ள வகுப்புகளுக்குத் தினம் ஒரு விளையாட்டுப் பீரியட் வேண்டும் என்று வகுத்தது. நல்ல காரியம். ஆனால் குளிர் நாட்டில் எழுதிய பாடத்தைச் சித்திரை மாதத்துப் பகல் இரண்டு மணிக்கு வேலூர் மைதானத்தில் நடத்தினால் பிள்ளை சுருண்டு விழும். அந்தப் பாடத்தில் தண்ணீர் குடிக்க இடைவேளை இராது. நிழலைப் பற்றிய பேச்சே இராது. அதைச் சேர்க்க வேண்டியவர் நம் ஆசிரியர்.

இன்னொரு சங்கதி. சில செயலிகள் பிள்ளையின் பெயர், வயது, எடை, புகைப்படம் எல்லாவற்றையும் கேட்கின்றன. 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே சொல்கிறது. குழந்தையின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது அதன் விதி. ஆகவே "என் பெண்ணின் எடை எந்தச் செயலியில் ஏறுகிறது?" என்று ஒரு தாய் பள்ளியில் கேட்டால் அது வம்பு அல்ல. அவளுக்கு உரிய கேள்வி.

தமிழில் நல்ல சரக்கு குறைவு என்பது மெய்தான். இயந்திரத்தை மொழிபெயர்க்கச் சொன்னால் "பிளாங்க்" என்ற பயிற்சி வெறும் மரப்பலகை ஆகிவிடக்கூடும். ஓர் ஒன்றியத்தில் உள்ள நாலைந்து தேகப்பயிற்சி ஆசிரியர்கள் மாதம் ஒரு மாலை கூடினால், சோதித்துப் பார்த்த பயிற்சிகளைத் தாங்களே செய்துபார்த்து, எளிய தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். அந்தத் தாளை விளையாட்டுச் சாமான் அறையின் கதவில் ஒட்டிவைத்தால், ஆசிரியர் லீவு போட்ட நாளில் வகுப்புத் தலைவன்கூட அதைப் பார்த்து உடம்பைச் சூடாக்கும் பயிற்சியைத் தொடங்கிவைக்கலாம்.