பிரான்சுக்குக் கடிதம், சுல்தானுக்குப் பீரங்கி

புதுச்சேரி ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. 1908-ல் சென்னையில் ‘இந்தியா’ பத்திரிகை மீது வழக்கு வந்ததும் அவர் இந்த ஊருக்கு வந்தார். 1910-ல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார்கள்.

எல்லைக்கு அப்பால் பிரிட்டிஷ் போலீஸ் காத்திருந்தது. ஊருக்குள் ஒற்றர்களும் திரிந்தார்கள். ஆனாலும் உள்ளே வந்து கைது செய்ய முடியவில்லை. ஊரின் மேல் பறந்தது பிரான்சின் கொடி!

அரபிக்கடலின் மறுகரையில், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, இதே கொடி ஒரு பெரிய சண்டையைக் கிளப்பியிருந்தது.

ஓமன் நாட்டில் சூர் என்று ஒரு துறைமுகம். அங்கிருந்து கிளம்பும் பாய்மரக் கப்பல்கள் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போய்வரும். அடிமை வியாபாரத்தைத் தடுப்பதாகச் சொல்லி பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அவற்றை நிறுத்திச் சோதனை போட்டன. பிரான்சின் கொடி பறக்கும் கப்பலை மட்டும் தொட முடியாது. அதனால் சூர் வியாபாரிகள் பலர் பிரெஞ்சு அதிகாரிகளிடம் கொடியும் காகிதமும் வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கொடியின் மறைவில் அடிமைகளை ஏற்றியவர்களும் உண்டு.

தன் குடிமக்களே அந்நியக் கொடியோடு திரிந்ததால், சுல்தான் ஃபைசல் பின் துர்க்கிக்குத் தர்மசங்கடம். இன்னொரு பக்கம் பிரிட்டனின் பிடி. அவருக்கு ஆண்டுதோறும் கிடைத்த 40,000 வெள்ளி நாணய மானியத்தைக் கொடுத்தது பிரிட்டிஷ் இந்திய அரசு. அதாவது, நம் ஊர் விவசாயி கட்டிய வரியும் அதில் சேர்ந்திருந்தது. தன் நிலத்தில் ஒரு பிடிகூட பிரிட்டனைத் தவிர வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று 1891-ல் அவரிடம் எழுதியும் வாங்கியிருந்தார்கள்.

ஆனாலும் 1898-ல் மஸ்கட் அருகே பந்தர் ஜிஸ்ஸாவில் பிரெஞ்சுக் கப்பல்களுக்கு நிலக்கரிக் கிடங்கு அமைக்க அவர் இடம் கொடுத்தார். விஷயம் முற்றியபோது கல்கத்தாவில் வைஸ்ராய் கர்சன் பதவியேற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. 1899 பிப்ரவரியில் மஸ்கட் துறைமுகத்தில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து நின்றது. கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறாவிட்டால் அரண்மனை மீது குண்டு விழும் என்று மிரட்டினார்கள். சுல்தான் பணிந்தார்.

கொடித் தகராறு மட்டும் தீரவில்லை. அது எதிரே நின்ற பிரான்சோடு நேரடியாக மோதும் விஷயமாயிற்றே! அதற்குப் பீரங்கி வரவில்லை. இரு வல்லரசுகளும் ஹேக் நகரின் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போயின. 1905 ஆகஸ்ட் 8-ல் தீர்ப்பு வந்தது. 1892 ஜனவரி 2-க்கு முன் கொடி வாங்கியவர்கள் அதை வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு புதிதாகக் கொடுப்பதற்குக் கடும் கட்டுப்பாடு. கொடி இருந்தாலும் அந்த வியாபாரிகள் சுல்தானின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்களே என்றும் மன்றம் சொன்னது. அவருடைய குடிமக்களைப் பற்றிய வழக்குதான். ஆனால் வாதி, பிரதிவாதி இருவருமே ஐரோப்பியர்கள். சுல்தான் வழக்கில் ஒரு தரப்பே இல்லை!

இப்போது புதுச்சேரிக்குத் திரும்புவோம். பாரதியாரைப் பிடிக்க ஏன் போர்க்கப்பல் வரவில்லை? பிரிட்டிஷார் பீரங்கியால் இந்த ஊரைப் பிடித்த காலமும் உண்டு. 1761-ல் கோட்டையையே தரைமட்டமாக்கினார்கள். ஆனால் 1904-ல் பிரிட்டனும் பிரான்சும் நட்பு உடன்பாடு செய்துகொண்டன. ஐரோப்பாவில் ஜெர்மனியைச் சமாளிக்க பிரான்சின் தயவு தேவைப்பட்டது. அதனால் கடிதங்களும் நெருக்கடியும் ஒற்றர்களும்தான் வந்தார்கள்.

மஸ்கட்டை மிரட்டியதும் புதுச்சேரியை வேவு பார்த்ததும் ஒரே பிரிட்டிஷ் இந்திய அரசுதான். சமமானவனிடம் ஒரு நியாயம், எளியவனிடம் வேறு நியாயம்.

1918 நவம்பரில் பாரதியார் புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். எல்லை தாண்டியதும் கடலூர் அருகே கைதானார். கொடியின் நிழல் அதுவரைதான்.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் நம்மவர்கள் அங்குள்ள சுல்தானின் அரண்மனையைப் பார்த்திருப்பார்கள். 1970-களில் கட்டிய கட்டடம். பெயர் ‘அல் ஆலம்’. அந்த அரபுச் சொல்லுக்குப் பொருள், கொடி!