எடைக்குப் போன ஏடுகள்

ஆம்ஸ்டர்டாம் நகரிலே, 1935 ஆம் ஆண்டு, பெண்கள் மூவர் முன்னின்று ஒரு காப்பகம் அமைத்தனர். வைரமும் வைடூரியமும் காப்பதற்கு அல்ல, காகிதம் காப்பதற்கு! உரிமை கேட்டு ஊர்வலம் சென்ற பெண்களின் கடிதங்கள், துண்டறிக்கைகள், கூட்டக் குறிப்புகள், நூல்கள் யாவற்றையும் ஒரு கூரையின்கீழ்ச் சேர்த்தனர். ஐந்தாண்டு சென்றது. 1940 மே மாதம் இட்லரின் படை அந்நாட்டைப் பிடித்தது. ஜூலையிலே அந்தக் காப்பகத்தின் கதவை அடைத்தது. உள்ளே இருந்ததை வாரிக்கொண்டு போயிற்று. நிறுவியவர்களுள் ஒருவரான ரோசா மானுஸ் அம்மையார் நாஜிகளின் பிடியிலேயே மாண்டார். கொள்ளைபோன ஏடுகளில் ஒரு பகுதி மாஸ்கோவிலே கிடப்பது 1992 இல்தான் தெரிந்தது. அது வீடு திரும்பியது 2003 இல்.

பீரங்கி வைத்திருந்தவனுக்குப் பெண்களின் காகிதத்தின்மேல் ஏன் கண்? காகிதம் பேசும், அதனால்தான். இன்னது கேட்டோம், இன்னார் மறுத்தார், மீண்டும் கேட்டோம் என்று அது சான்று சொல்லும்.

அங்கே பகைவன் வந்து பறித்தான். இங்கே? பரணிலே கிடந்த தகரப்பெட்டியை இறக்கி, பாட்டியின் நாட்குறிப்பையும் மாநாட்டு அழைப்பிதழையும் பழைய பேப்பர்க் கடைத் தராசிலே நாமே எடுத்து வைக்கிறோம்! அவனுக்கு அடக்குமுறை நோக்கம் இருந்தது. நமக்கோ, தீபாவளிக்கு வெள்ளையடிக்க இடம் வேண்டும் என்பதற்கு மேல் நோக்கம் இல்லை. எது கேவலம், தோழர்களே?

கேள்வி ஒன்று கேட்கிறோம். 1938 நவம்பர் 13 அன்று சென்னை ஒற்றைவாடை நாடகக் கொட்டகையிலே தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடிற்று. மறைமலை அடிகளின் மகளார் நீலாம்பிகை அம்மையார் தலைமை வகித்தார். ஈ.வெ.ரா.வைப் ‘பெரியார்’ என்றே அழைக்கவேண்டும் என்று தீர்மானித்தது அந்த மாநாடு. அந்தப் பட்டத்தை நாள்தோறும் நாம் முழங்குகிறோம். அதை வழங்கிய பெண்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? பட்டம் நினைவில் நிற்கிறது. கொடுத்த கை மறந்துவிட்டது. மறுநாளே இந்தித் திணிப்பை எதிர்த்து மறியல் செய்து டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், சீத்தம்மாள் ஆகியோர் சிறை புகுந்தனர். அடுத்தடுத்த வாரங்களில் மேலும் பலர், சிலர் குழந்தைகளோடும் சென்றனர். அவர்களின் பெயர்கள் எங்கே? அவர்கள் சிறையிலிருந்து எழுதிய கடிதங்கள் எங்கே?

‘அரசாங்க ஆவணத்தில் இருக்குமே!’ என்பர் சிலர். இருக்கும், எப்படி? குற்றவாளி என்று! இன்ன சட்டத்தின்கீழ் இத்தனை வாரத் தண்டனை என்று! ‘குடிஅரசு’ ஏட்டின் வெளியீட்டாளர் என்ற பொறுப்பிலே, தலையங்கம் ஒன்றிற்காக 1934 இல் சிறை சென்ற கண்ணம்மாளும் அந்தப் பார்வையில் குற்றவாளிதான். ஆண்டவன் எழுதிய குறிப்பில் அடிபட்டவளின் தழும்பு இருக்கும். அவள் நெஞ்சம் இருக்குமா? அவள் ஏன் வீட்டைவிட்டுக் கிளம்பினாள், மாமியார் என்ன சொன்னார், குழந்தையை யாரிடம் விட்டாள் என்பதைப் போலீசுக்காரன் எழுதுவானா?

‘ஆராய்ச்சியாளர் நூல் எழுதிவிட்டனரே!’ என்பர் வேறு சிலர். உண்மை, அவர்களுக்கு நன்றி. பழைய ஏடுகளைத் தேடி எடுத்து, நீலாவதி, குஞ்சிதம் போன்றோரின் பேச்சையும் எழுத்தையும் மீட்டனர். மீட்கப்பட்டவை அச்சேறியவை. அச்சேறாதவை? மாநாட்டுக்கு வந்தோர்க்கு இரவெல்லாம் சோறு பொங்கியவள், சாதி மறுத்து மணந்ததால் பிறந்தகம் அடைத்த கதவின் முன்னே நின்றவள், தாலி இல்லாமல் தெருவில் நடந்து ஏச்சுக் கேட்டவள் ஆகியோரின் கதை எந்த ஏட்டில் வந்தது?

1929 பிப்ரவரியில், செங்கற்பட்டு மாநாட்டிலே, பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறிற்று. தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989 இல். இந்திய நாடு முழுமைக்கும் 2005 இல். தொடக்கம் தெரிகிறது, முடிவு தெரிகிறது. நடுவிலே 60 ஆண்டு! அந்த 60 ஆண்டும் கோரிக்கை தானாக நடந்து வந்ததா? தெருத் தெருவாகத் தூக்கிச் சுமந்தவர்கள் யார்? இதற்கு விடை சட்டப் புத்தகத்தில் இல்லை. நம் வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்தது. அதைத்தான் எடைக்குப் போட்டோம்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரை எடுத்துக்கொள்வோம். தேவதாசி முறையின் கொடுமையை உள்ளிருந்து அறிந்தவர்; 1936 இலேயே அதனைத் தோலுரித்து நாவல் எழுதியவர்; 1938 இல் திருச்சியிலிருந்து சென்னைக்குப் படையோடு நடந்தவர். இன்று அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வரவேற்கிறோம். ஆனால் விண்ணப்பத்தில் அப்பெயரை எழுதும் மாணவியிடம், அவர் எழுதிய நூலை யார் கொடுத்தோம்? பெயரைத் தந்துவிட்டு வாழ்வை மறைத்தால், அவரும் நாளை ஓர் அம்மனாகிவிடுவார்!

இதுதான் நம் கவலை. புராணத்தைப் பார்த்து, ‘எந்த ஆண்டு? எந்த ஊர்? சான்று எங்கே?’ என்று கேட்டவர்கள் நாம். நம் இயக்கத்துப் பெண்களைப் பற்றி நம் பேத்தி அதே கேள்வியைக் கேட்டால் என்ன காட்டுவோம்? சந்தன மாலையிட்ட படத்தையா? படத்தின் பின்புறத்தில் பெயர்கூட இல்லையே! சான்றில்லாத பெருமை புராணம். அது யார் வீட்டுச் சுவரில் தொங்கினாலும் புராணமே.

பெருஞ்செல்வம் வேண்டும் என்று அஞ்சவேண்டாம். கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதிய ஓவியர். பிறர் குப்பை என்றெறிந்த நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் அவர் சேர்த்தார். அவர் மறைந்தபின், 1994 முதல் அச்சேர்க்கை சென்னையிலே ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. மும்பையிலே, அம்பை என்ற பெயரில் எழுதும் சி.எஸ். லட்சுமி, தோழியருடன் 1988 இல் ‘ஸ்பாரோ’ என்ற காப்பகத்தைத் தொடங்கினார்; பெண்களின் குரலையும் படத்தையும் சேர்த்து வருகிறார். தனியொருவரால் இயன்றது ஓர் ஊரால் இயலாதா?

நம் ஊர்ப் படிப்பகத்தில் ஓர் அலமாரியை இதற்கென ஒதுக்குவோம். வீட்டிலுள்ள கடிதத்தைக் கைப்பேசியாலே படமெடுத்துப் படியைப் படிப்பகத்துக்குக் கொடுப்போம். மூலம் உரியவரிடமே இருக்கட்டும். ஒளிப்படத்தின் பின்னே பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு குறிப்போம். குண்டூசி துருப்பிடிக்கும், ஒட்டுநாடா தாளைத் தின்னும், இரண்டையும் விலக்குவோம். எழுபது, எண்பது வயதுத் தாய்மார் பேசட்டும், பதிவு செய்வோம். கேட்கப் போகிறவர்கள் பெண்களாக இருக்கட்டும். கணவர் குறுக்கே பேசாதிருக்கட்டும். ‘இதை வெளியிடாதே’ என்று அம்மையார் சொன்னால் அதற்குக் கட்டுப்படுவோம். நம்மை இடித்துரைத்த கடிதம் கிடைத்தால் அதையும் காப்போம். மேடையிலே சமத்துவம் பேசி வீட்டிலே அதிகாரம் செய்த தோழர் இருந்திருந்தால், அதுவும் வரலாறே. புகழ்ச்சியை மட்டும் பூட்டி வைப்பது கோயிற் பண்டாரத்தின் வேலை.

இயக்க மலர்களில் ‘திருமதி இன்னார்’ என்று கணவர் பெயரை மட்டும் அச்சிடும் வழக்கமும் இன்றோடு ஒழியட்டும். அவளுக்குப் பெயர் உண்டு.

அந்தக் காலத்துத் தாள் முறுகி உதிர்ந்துகொண்டிருக்கிறது. அதைப் படித்துக் காட்டக்கூடிய தாய்மார் ஒவ்வொருவராய் விடைபெறுகின்றனர். ஆம்ஸ்டர்டாம் ஏடுகள் மீள 63 ஆண்டு ஆயிற்று; மீண்டன, ஏனெனில் கொள்ளையன் அவற்றை அழிக்கவில்லை. தராசிலே போனவை கூழாகும், மீளமாட்டா.

தோழர்களே, இன்று மாலை கூட்டத்துக்குப் புறப்படுமுன் பரணில் ஏறுங்கள். அங்கே ஒரு பெட்டி இருக்கும். அதில் ஒரு பெண் நமக்காகக் காத்திருக்கிறாள்.