இன்சுலினும் இன்சொல்லும்

நீரிழிவு என்றதும் அது நடுவயது கடந்தோர்க்கு வரும் நோய், சீனியைக் குறைத்து மாலையில் வெள்ளவத்தைக் கடற்கரையில் நடந்தால் அடங்கிவிடும் என்றே எம்மவர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் இளமையிற் பற்றும் முதலாம் வகை நீரிழிவு அத்தகையதன்று. உடலின் காப்பாற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுகின்றது. அஃது இனிப்பு உண்டதனால் வந்ததன்று. பெற்றோர் செய்த பிழையுமன்று. 1921 இல் ரொறன்ரோ நகரிற் பாண்டிங்கும் பெஸ்ற்றும் இன்சுலினைக் கண்டறியுமுன் இந்நோயுற்ற பிள்ளைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை.

இன்று ஊசி மருந்து உண்டு, பிள்ளை வாழ்கின்றது. ஆயின் அவ்வாழ்வின் பாரத்தை எண்ணிப் பார்த்தோர் எத்துணைபேர்? நாள்தோறும் பலமுறை ஊசி. விரல்நுனியிற் குத்திக் குருதிச் சோதனை. உண்ணும் ஒவ்வொரு பிடி சோற்றுக்கும் கணக்கு. இதற்கு விடுமுறை இல்லை. நவராத்திரிப் பூசை முடிந்து அவலும் கடலையும் சருக்கரைப் பொங்கலும் வழங்கும்போது ஒருவன் மட்டும் தூணோரம் ஒதுங்கி நிற்கின்றான். "பிரசாதத்தை மறுக்கலாமா?" என்று கடியும் ஆசிரியரும் எம்மிடையே உளர். விளையாட்டு மைதானத்திற் சீனி இறங்கி வியர்த்து நடுங்குபவனைச் சோம்பேறி என்போரும் உளர். ஈற்றில் அவன் சலித்துப்போகின்றான். ஊசியைத் தவிர்க்கின்றான், சோதியாமலே கொப்பியில் ஓர் அளவை எழுதிவைக்கின்றான். வைத்தியர் ஏசுகின்றார், தாய் அழுகின்றாள், அவனோ மேலும் ஒளிக்கப் பழகுகின்றான்.

இதனை ஒழுக்கக்கேடு எனக் கொள்ளல் தகாது. நோயைச் சுமந்து சுமந்து உள்ளம் களைத்த களைப்பு இது. 1995 இல் பொஸ்ரன் நகரத்து யொஸ்லின் நீரிழிவு நிலையத்தார் இதனை அளத்தற்கு இருபது வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தனர். இங்கிலாந்தில் வயதுவந்த நோயாளர் 344 பேரிடம் நிகழ்த்திய ஆய்வொன்று 2008 இல் வெளிவந்தது. அதில், ஊக்கமூட்டும் உரையாடலும் எண்ணப்போக்கைத் திருத்தும் உளச்சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்க்கு, ஓராண்டின்பின் குருதிச் சீனியின் நெடுநாட் சராசரி, வழமையான சிகிச்சை மட்டும் பெற்றோரினும் ஏறத்தாழ அரைவீதம் குறைந்திருந்தது. அற்புதம் என்று யாம் கூறோம். எம்மைக் கவர்ந்தது வேறொன்று: அச்சிகிச்சையை அளித்தோர் அதற்கெனப் பயிற்றப்பட்ட தாதியரே.

ஆகவே நிபுணர் போதாரென்னும் சாட்டு முழுதும் பொருந்தாது. உண்மைத் தடை பிறிது. யாம் வாழும் கொலன்னாவைக்கு அங்கொடை நெடுந்தூரமன்று. உளவளத்துணையாளர் ஒருவரைக் காண்போம் என்றால், "என் பிள்ளையை அங்கொடைக்கா அனுப்பச் சொல்கின்றீர்கள்?" என்று பெற்றோர் சினக்கின்றனர். ஓர் ஊரின் பெயரையே வசையாக்கியவர்கள் நாமன்றோ! அங்குள்ள தேசிய உளநல நிறுவகத்தாரோடு 1926 என்னும் இலக்கத்தில் தொலைபேசியிலேயே பேசலாம் என்பதையும் பலர் அறியார்.

யூபிலி நினைவாக அலங்கார வளைவு கட்டும் பேச்சு அடிபடுகின்றது. வளைவு அழகுதான், யாம் வேண்டாமென்றிலோம். அதற்குமுன் கதவுள்ள சிற்றறை ஒன்றும், ஆசிரியர் இருவர்க்கு உளவளத்துணைப் பயிற்சியும் வேண்டும். பழைய மாணவருள் வைத்தியராயுள்ளோர் தவணைக்கொருமுறை வந்து, சீனி இறங்கினாற் செய்யவேண்டுவன யாவை என எமக்குக் கற்பித்தல் வேண்டும். மலசலகூடத்துள் ஒளிந்து ஊசி போடும் பிள்ளைக்கு அவ்வறை இத்தவணையிலேயே தேவை.