பரிசாக ஒரு கத்தி

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்குகிறது. பிள்ளைகளுக்குப் புத்தாடை, உறவினருக்கு இனிப்பு, நண்பர்களுக்கு வாழ்த்து மடல் என்று குடும்பங்கள் கணக்குப் போடத் தொடங்கும் காலம் இது. இவ்வேளையில், "உங்கள் வீட்டாருக்கு இம்முறை ஒரு கத்தியைப் பரிசாகக் கொடுங்கள்" என்று நாம் சொன்னால் வாசகர்கள் திகைக்கக்கூடும். சமாதானத்தின் அரசர் பிறந்த நாளில் கத்தியா என்று கேட்கவும் கூடும். கேள்வி நியாயமானதே. ஆதலால் சற்று விளக்கமாகவே பேசுவோம்.

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஊர் சிலமலை. பொழுது புலருமுன்னே இப்பகுதியிலிருந்து ஜீப்புகள் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஏலமலைக்கு விரைகின்றன. ஏலக்காய் கையால் பறிக்கப்படுவது. ஒரு கொத்திலுள்ள காய்கள் எல்லாம் ஒருசேர முதிர்வதில்லை. ஆகவே கண்ணும் விரலுமே அங்கே கருவிகள். ஆனால் ஏனைய வேலைகளுக்குக் கத்தியின்றி முடியாது. பருவமழைக்கு முன் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிக்கவும், காய்த்து ஓய்ந்த தண்டுகளை அறுத்தெறியவும், களையை நீக்கவும் கத்தியும் அரிவாளும் வேண்டும். மாலையில் வீடு திரும்பினாலோ அரிவாள்மனை காத்திருக்கும். போடி ஏலத்தில் விலை கூறப்படும் பச்சை ஏலக்காய்க்குப் பின்னால் இத்தனை இரும்பின் உழைப்பும் இருக்கிறது.

இவ்வாறு உணவளிக்கும் கருவிக்கு இன்று வந்திருக்கும் பெயரோ வேறு. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாள் என்றால் பலருக்கு வயலும் தோப்பும் நினைவுக்கு வருவதில்லை. வெட்டும் பழியுமே நினைவுக்கு வருகின்றன. 2018 பிப்ரவரியில் சென்னை அருகே, பிறந்தநாள் கேக்கைப் பட்டாக்கத்தியால் வெட்டிக் கொண்டாடிய கூட்டத்தைக் காவல்துறை சுற்றி வளைத்துப் பலரைக் கைது செய்தது. அதன் பின்னரும் இளைஞர்கள் நீண்ட கத்தியுடன் படம் எடுத்துப் பரப்பி வழக்கில் சிக்கும் செய்திகள் நின்றபாடில்லை. விழா நாளில் கையில் கத்தி. ஆனால் அதன் நோக்கம் பிறரை அச்சுறுத்துவது! இதுவே நாம் வருந்தத் தக்க காட்சி.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஒரு நுட்பத்தைக் கவனித்திருக்கிறது. வீட்டுப் பயனுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே என வடிவமைக்கப்பட்ட பொருள்களை அது ஆயுதம் என்ற வரையறைக்கு வெளியே நிறுத்துகிறது. இரும்பு ஒன்றுதான், எதற்காகச் செய்யப்பட்டது என்பதே அதன் தன்மையை முடிவு செய்கிறது. இசையாஸ் இறைவாக்கினர் கண்ட காட்சியும் இதுவே. போர்க்கருவிகள் உலையில் மீண்டும் உருமாறி, உழவனின் கொழுவாகவும் அரிவாளாகவும் ஆகும் நாளை அவர் முன்னறிவித்தார். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை இப்பகுதி நம் ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது. இரும்பை அழித்துவிடுவார்கள் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிப்போமாக. அது பயனுள்ளதாக மாறும் என்றே சொன்னார்.

கத்தியைப் பரிசாக்கும் வழக்கம் மேல்நாடுகளில் பரவலாக உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், வேறு தொழில் பார்ப்போர் பலர் ஓய்வு நேரத்தில் வீட்டுக் கொட்டகையில் சிறு உலை அமைத்துத் தம் கையாலேயே கத்தி அடிக்கிறார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் தாய்க்குக் காய் நறுக்கும் கத்தி, தகப்பனுக்குச் சட்டைப்பைக் கத்தி, நண்பனுக்குத் தோட்டக் கத்தி என்று ஒவ்வொருவர் கைக்கும் ஏற்றவாறு செய்து கொடுக்கிறார்கள். மறைந்துகொண்டிருந்த இக்கலைக்குப் புத்துயிர் ஊட்டியவர்களுள் ஒருவர் பில் மோரன் என்னும் அமெரிக்கக் கொல்லர். 1976-ல் அவரும் தோழர்களும் சேர்ந்து அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தை நிறுவினார்கள்.

இதில் நாம் பெருமைப்படவும் நாணவும் ஒரு செய்தி உண்டு. அவர்களுள் பலர் ஆவலோடு தேடுவது நம் மண்ணின் உருக்கைத்தான். தென்னாட்டுக் கொல்லர்கள் மண்குகையில் இரும்பையும் கரிப்பொருளையும் இட்டு மூடி, உலையில் உருக்கி எடுத்த எஃகை ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்று அழைத்தார்கள். 1795-ல் ஜார்ஜ் பியர்சன் இதைப் பற்றி லண்டன் ராயல் சங்கத்தில் கட்டுரை அளித்தார். 1819-ல் மைக்கேல் ஃபாரடே இதை ஆராய்ந்தார். பிற்காலத்தில் ஃபுளோரிடாவில் குதிரைகளுக்கு லாடம் அடித்து வந்த ஆல்ஃபிரட் பெண்ட்ரே, உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவனுடன் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் முயன்று, அலை அலையாக வரியோடும் அப்பழைய எஃகை மீண்டும் செய்து காட்டினார். கடல் கடந்த லாடக்காரர் ஒருவர் நம் முன்னோரின் கைத்திறனைத் தேடி வாழ்நாளைச் செலவிட்டிருக்க, நம் ஊர்க் கொல்லரின் மகன் உலையை அணைத்துவிட்டு வேறு பிழைப்பைத் தேடிப் போகிறான்.

முன்னாளில் கொல்லர் ஊருக்கு இன்றியமையாதவர். அறுவடையின்போது களத்துமேட்டில் அவருக்கெனத் தானியப் பங்கு உண்டு. அவ்வழக்கம் மறைந்தது. ஆலைகளில் வார்த்தெடுத்த மலிவான கத்திகள் சந்தைக்கு வந்தன. எனினும், எஞ்சியுள்ள பட்டறைகளின் வேலை எளியதன்று. மேல்நாட்டு ஆர்வலரும் நம் கொல்லரும் பெரிதும் விரும்பி எடுக்கும் மூலப்பொருள் ஒன்றே: கழித்துப் போட்ட லாரியின் ஸ்பிரிங் பட்டை. நூற்றுக்கு ஏறக்குறைய 0.6 பங்கு கரி கலந்த எஃகு அது. அதனை உலையிலிட்டுப் பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து வடிவம் கொடுப்பர். பின்னர் காந்தம் ஒட்டாத அளவுக்குச் சூடேற்றி எண்ணெயிலோ நீரிலோ தோய்ப்பர். அப்போது இரும்பு மிகக் கடினமாகிவிடும். ஆனால் கண்ணாடியைப்போல் எளிதில் நொறுங்கும். ஆகையால் ஏறத்தாழ 200 டிகிரி வெப்பத்தில் மீண்டும் இளஞ்சூடு காட்டுவர். துலக்கிய இரும்பின் மேல் வைக்கோல் நிறம் படரும்போது பதம் வந்துவிட்டது என்று அறிவர். கொல்லர் இதைக் கண்ணாலேயே கண்டுகொள்கிறார். கடுமை மட்டும் கொண்ட இரும்பு முதல் வெட்டிலேயே முறிந்துவிடும். மெல்லிய சூட்டில் பதப்பட்டதே உழைக்கும். பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் இதில் கற்றுக்கொள்ளக்கூடியது உண்டு அல்லவா?

திருச்சபை கொல்லரை மறக்கவில்லை. டிசம்பர் முதல் நாள் புனித எலீஜியுஸின் திருநாள். ஏழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் பொற்கொல்லராக இருந்து, பின்னர் நோயோன் நகரின் ஆயரான இவர், உலோகத் தொழிலாளரின் பாதுகாவலர். அரசன் ஓர் அரியணைக்கெனக் கொடுத்த பொன்னில் சிறிதும் ஒளிக்காமல் இரண்டு அரியணைகள் செய்து கொடுத்தார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. சீராக் ஞான நூலின் 38-ஆம் அதிகாரமோ, நெருப்பின் வெம்மையில் உடல் வாட, சம்மட்டி ஓசை செவியை அடைக்க, எடுத்த வேலையைச் செவ்வையாக முடிப்பதிலேயே கருத்தாயிருக்கும் கொல்லனை நம் கண்முன் நிறுத்துகிறது. இத்தகையோர் இன்றி எந்த நகரும் நிலைபெறாது என்றும் அது உணர்த்துகிறது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-ல் உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலில், வேலையின் மதிப்பை அதன் வகையைக் கொண்டு அளக்காமல், அதைச் செய்பவர் மனிதர் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும் என்று போதித்தார். நாசரேத்துத் தச்சுப்பட்டறையில் புனித சூசையப்பரின் அருகே நின்று தொழில் கற்ற நம் ஆண்டவருக்கு இது தெரியாததன்று.

ஆகவே நாம் சொல்வது இதுதான். கடையில் பளபளக்கும் பொருளை வாங்கி வண்ணத்தாளில் சுற்றிக் கொடுப்பதற்குப் பதிலாக, அருகிலுள்ள கொல்லுப்பட்டறைக்கு ஒரு முறை செல்லுங்கள். விழாவுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள். மலைக்குப் போகும் தகப்பனாருக்கா, அடுப்படியில் நிற்கும் அன்னைக்கா, இடது கைப் பழக்கமுள்ள தங்கைக்கா என்று விளக்கிச் சொல்லுங்கள். கை சிறியதானால் பிடியும் மெலிந்திருக்க வேண்டும். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசிக் குறைக்க வேண்டாம். கூலியும் அப்பரிசின் ஒரு பகுதியே.

கைவேலையில் நாட்டமுள்ள இளைஞர்கள் பிடியையும் உறையையுமாவது தாமே செய்யலாம். முற்றிய வேலங்கட்டையைச் செதுக்கி, அரத்தால் தேய்த்து, எண்ணெய் பூசினால் அழகிய பிடி அமையும். உலை வேலையைக் கற்க விரும்புவோர் கொல்லரின் கண்காணிப்பிலேயே கற்க வேண்டும். கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி அவசியம். துத்தநாகம் பூசிய தகட்டையோ குழாயையோ உலையில் இடலாகாது. அதன் புகை நஞ்சு. எண்ணெயில் தோய்க்கும்போது தீப்பற்றலாம். அருகில் மணல் வாளி இருக்கட்டும். சிறுவர்களுக்குக் கத்தி பரிசாகாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

ஒரு தயக்கம் இன்னும் மீதமிருக்கலாம். நம் ஊர்களில் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கீழே வைக்க, மற்றவர் எடுத்துக்கொள்வார். கொடுத்தால் பகை வரும் என்பர். மேல்நாட்டினரும் இதற்கு விலக்கல்லர். கத்தி நட்பை அறுத்துவிடும் என்றஞ்சி, பெற்றவர் ஒரு சிறு காசைத் திருப்பிக் கொடுத்து விலைக்கு வாங்கியதுபோல் பாவித்துக்கொள்வதுண்டு. உறவை அறுப்பது இரும்பன்று, மனத்திலுள்ள கசப்பே என்பதை அறிந்த நமக்கு இந்த அச்சம் வேண்டாம். ஆனால் கொடுக்கும் முறையில் கவனம் வேண்டும். பிடி பெறுபவர் பக்கமும் முனை நம் பக்கமும் இருக்கட்டும். பிறர் கைக்குப் பிடியைத் தந்து, கூர்மையைத் தம் பக்கம் வைத்துக்கொள்ளும் குடும்பங்களில் பெத்லகேம் பாலனின் சமாதானம் தங்குவதாக.