சான்றிதழ் கையில், ஒப்பந்தம் எவன் கையில்?



10ஆம் வகுப்பு தேறியிருந்தால் பாஸ்போர்ட்டில் 'குடியேற்ற அனுமதி தேவை' என்ற முத்திரை விழாது. வளைகுடா போகும் நம் வாலிபர்களுக்குப் பள்ளிக்கூடம் தந்த உருப்படியான பலன் பெரும்பாலும் இது ஒன்றுதான்!

தளவானூரானாலும் செஞ்சியானாலும் கதை ஒன்றே. சம்பளம் எவ்வளவு, சாப்பாடு யார் பொறுப்பு என்று பார்க்காமலே ஏஜெண்டு நீட்டும் தாளில் கையெழுத்திடுகிறான். இத்தனை வருடம் ஆங்கிலம் படித்தவன்! சவூதியிலும் அமீரகத்திலும் வழக்கு என்று வந்தால் செல்லுபடியாவது அரபி வாசகம். குர்ஆனை ஓதி முடித்தவனுக்கு அந்த அரபியும் விளங்காது. மக்தபுகள் எழுத்தோடு நிறுத்திவிட்டன.

உடனே மதரஸாக்கள் மீது பாய்வோர் சச்சார் குழுவின் 2006 அறிக்கையைப் புரட்டட்டும். பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாவில் படிப்போர் 3 சதவீதம் அளவே. பள்ளிக்கூடம் போன மற்றவர்களுக்கு யார் பொறுப்பு?

வியாபாரிகளே! திருமறையின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பது பற்றியது. சாட்சி யார், எழுதுபவர் எப்படி எழுத வேண்டும் என்பது வரை அதில் உண்டு. நம் கடைத்தெருவிலோ இன்றும் வாய்ப்பேச்சுதான். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தது. பிளஸ் டூ தேறிய மகன் கல்லாவில் இருந்தும் கணக்குத் தாக்கல் செய்ய வெளியாளுக்குக் கூலி.

2007இல் கிடைத்த 3.5 சதவீத இடஒதுக்கீடு கல்லூரி வாசலைத் திறந்தது. அந்த வாசலுக்கே வராதவனுக்கு? ஜமாஅத் நிர்வாகிகளே, இஷாவுக்குப் பின் அரை மணி நேரம் பள்ளிவாசலில் ஒப்பந்தம் படிக்கவும் கடன் சீட்டு எழுதவும் சொல்லிக்கொடுங்கள். விளக்கும் விசிறியும் அங்கே சும்மாதான் இருக்கின்றன.