மெகா பிக்ஸெல் மட்டும் போதுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்து வெப் கேமராவோ மொபைல் போனோ வாங்கப் போனால், கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை மெகா பிக்ஸெல்?" என்பதுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து. 2000 மார்ச்சில் நாசா அனுப்பிய 'இமேஜ்' செயற்கைக் கோளில் ஒரு கேமரா இருந்தது. அதன் படத்தில் ஒரு புள்ளி ஏறக்குறைய 600 கி.மீ. அகலம்! ஆனாலும் அதற்கு முன் யாரும் முழுதாகப் பார்த்திராத ஒன்றை அது காட்டியது.

பூமியைச் சுற்றி மின்னேற்றம் பெற்ற வாயு மண்டலம் ஒன்று உள்ளது. அதற்கு பிளாஸ்மாஸ்பியர் என்று பெயர். அதில் பெரும்பகுதி ஹைட்ரஜன் அயனி. தன் ஒரே எலெக்ட்ரானையும் இழந்துவிட்டதால் அது ஒளி வீசாது. ஹீலியம் அயனிக்கு ஓர் எலெக்ட்ரான் மிச்சம் இருக்கிறது. அது சூரியனிடமிருந்து 30.4 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை வாங்கித் திருப்பி வீசுகிறது.

இதைப் படம் பிடிப்பது லேசான வேலை அல்ல. கண்ணாடி லென்ஸ் இந்தக் கதிரை விழுங்கிவிடும். எனவே அரிசோனா பல்கலைக்கழகத்தில் பில் சேண்டல் குழுவினர் யுரேனியம், சிலிக்கான் படலங்களை மாறி மாறிப் பூசிய ஆடிகளைப் பயன்படுத்தினார்கள். அடுத்த தொல்லை ஹைட்ரஜன் வாயு. பூமியைச் சுற்றி 121.6 நானோமீட்டரில் அது பளிச்சென ஒளிர்கிறது. அதைத் தடுக்க மெல்லிய அலுமினிய வடிகட்டி. அப்படியும் வந்து சேரும் ஒளித்துகள்கள் சொற்பம்தான். ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். 2 நிமிடத்துக்கு ஒரு முறை சுழன்ற செயற்கைக் கோளின் 5 சுற்றுகளைக் கூட்டினால் ஒரு படம்.

புள்ளிகளை இன்னும் பொடியாக்கியிருக்கலாமே என்பீர்கள். அந்தச் சொற்ப ஒளியை ஆயிரம் பேருக்குப் பங்கு போட்டால் எவருக்கும் எதுவும் மிஞ்சாது! காந்தப் புயலின்போது பிளாஸ்மா வால் போல் இழுபடும் என்று பல ஆண்டுகளாகக் கணக்கில் சொல்லி வந்தார்கள். அந்த வாலை முழுதாகக் காட்டியது இந்தக் கேமராதான். (2005 டிசம்பரில் ஊமையான இமேஜின் சிக்னலை 2018 ஜனவரியில் கனடா நாட்டு அமெச்சூர் ஒருவர் பிடித்தது தனிக்கதை.)

உங்கள் போனிலும் இதே கணக்குதான். 48 மெகா பிக்ஸெல் என்று விற்கும் பல போன்கள், நான்கு புள்ளிகளை ஒன்றாக்கி 12 மெகா பிக்ஸெல் படத்தையே தருகின்றன. அடுத்த முறை கடையில் மங்கலான மூலையில் ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதை வீட்டுக் கம்ப்யூட்டர் திரையில் 100 சதவீத அளவில் திறந்து பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.